அரைச் சவரன் எடையில் தங்க அம்பாரி! மைசூருவின் குட்டிப் படைகள், தெரியுமா?

மைசூரு தசரா ஊர்வலத்தில் சாமுண்டேஸ்வரி அம்மன் ஏறி வரும் தங்க அம்பாரியின் எடை 750 கிலோ. அதைச் சுமந்து நடக்கும் யானை ஏறக்குறைய 5 டன். இரண்டையும் 56இல் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு எடை இருக்கும், தெரியுமா? அம்பாரி நாலேகால் கிராம்! அரைச் சவரனுக்கு மேல் இரண்டு குன்றிமணி, அவ்வளவுதான். யானை 28 கிராம் சொச்சம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 56 மடங்கு குறையும்போது எடை 1,75,616 மடங்கு குறைந்துபோகிறது. ஊரே திரண்டு பார்க்கும் ஜம்போ சவாரி என்ற அந்த ஊர்வலம் முழுவதும் ஒரு சாப்பாட்டு மேஜையில் அடங்கிவிடும்.

56 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மேஜைமேல் போர் நடத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அளவு நாடா, பகடை, விதிப்புத்தகம் ஆகியவற்றோடு உட்கார்ந்து பழைய போர்களையும் கற்பனைப் போர்களையும் நகர்த்துவார்கள். அவர்களுடைய வீரன், பாதத்திலிருந்து கண்வரை பெரும்பாலும் 28 மில்லிமீட்டர். நிஜ மனிதனோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 56இல் ஒரு பங்கு. கடையில் வாங்கிய பொம்மைக்கு வர்ணம் பூசி அப்படியே களத்தில் இறக்குகிறவர்கள் உண்டு. தலையை அறுத்து வேறு தலை ஒட்டி, துப்பாக்கியைப் பிடுங்கி வாளைக் கொடுத்து, ஒரு நாட்டு வீரனை இன்னொரு நாட்டானாக மாற்றுகிறவர்களும் உண்டு. அந்த வேலைக்குப் பெயர் கன்வர்ஷன். இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது: எதையும் ஆயத்தமாக வாங்காமல், கம்பி, களி, அட்டை, குச்சி, தூக்கிப் போட்ட மூடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து யானையும் கோட்டையும் பீரங்கியும் எழுப்புகிறவர்கள். ஸ்கிராட்ச் பில்டிங் என்பது அதுதான். எனக்கு இந்தக் கடைசிக் கூட்டத்தின் மேல்தான் தீராத மரியாதை.

28 என்றதும் மைசூருவில் இன்னொரு 28 நினைவுக்கு வருகிறது. டில்லி இந்தியா கேட் அருகே 2022 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்ட நேதாஜி சிலையின் உயரம் 28 அடி. அதைச் செதுக்கிய சிற்பி அருண் யோகிராஜ் மைசூருக்காரர்! அங்கே 28 அடி, இங்கே 28 மில்லிமீட்டர். நடுவே 305 மடங்கு வித்தியாசம். ஆனாலும் முகத்தில் முதலில் எங்கே நிழல் விழும், துணி மடிப்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்ற கேள்வி சிற்பிக்கும் குட்டி வீரனைச் செய்கிறவருக்கும் ஒன்றேதான்.

சுவர் முழுக்க ஒரு படை!

மைசூருவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்பு சுல்தான் 1784இல் கட்டி முடித்த தரியா தௌலத் பாக் மாளிகையின் மேற்குச் சுவரில் ஒரு போர் நடந்துகொண்டே இருக்கிறது. எந்தப் போர், தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10ஆம் தேதி நடந்த போர்! ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அடியோடு நொறுக்கிய நாள் அது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் இருக்கிறார். அவரைச் சுற்றிக் கம்பெனி வீரர்கள் சதுரம் கட்டி நிற்கிறார்கள். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. பிரெஞ்சுத் தளபதி லாலி தூரநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குதிரை, யானை, ஒட்டகம், வெட்டுண்ட தலை என்று சுவரில் ஒரு சாண் இடம்கூடச் சும்மா இல்லை.

குட்டிப் படை செய்கிறவருக்கு இந்தச் சுவர் ஒரு பொக்கிஷம். யார் எந்தத் தலைப்பாகை கட்டியிருந்தார், ஈட்டி எவ்வளவு நீளம், குதிரைக்கு என்ன சேணம் என்றெல்லாம் அங்கேயே நின்று குறித்துக்கொண்டு வரலாம். இந்தச் சித்திரத்தின் நீளமான பழைய காகிதப் பிரதி ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் நுழைவுச்சீட்டு விலைக்கே அசலைப் பார்க்கலாம்!

புள்ளலூர்ப் போர் நடந்த இதே 1780இல் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்ற ஆசிரியர் ஒரு விளையாட்டை வெளியிட்டார். சதுரங்கத்தை எடுத்து, 64 கட்டத்தை 1,617 கட்டமாகப் பெருக்கி, மலை, ஆறு, சதுப்பு என்று கட்டங்களுக்கு நிறம் கொடுத்து, காலாட்படையும் பீரங்கியும் நகரும்படி செய்தார். இன்றைய போர் விளையாட்டுகளின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் கையில் எடுத்த சதுரங்கமோ யானை, குதிரை, தேர், காலாள் என்ற நம் நால்வகைப் படையிலிருந்து கிளம்பிப் போனது. புள்ளலூரில் நிஜப் படைகள் மோதிய அதே ஆண்டில், நம் ஆட்டம் ஐரோப்பாவில் போர்க்களமாக விரிந்துகொண்டிருந்தது. என்னவொரு பொருத்தம்!

1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒரு போர் மேஜையே செய்து கொடுத்தார். முதலில் மணலில்தான் நிலம் அமைத்து ஆடினார். மன்னர் பார்க்க ஆசைப்பட்டதும், மணல் மரியாதையாக இராது என்று, மலையும் ஆறும் சாலையும் வார்த்த சுண்ணச் சதுரங்களைச் செய்து, எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கும்படி வைத்தார். கழற்றி மாட்டும் நிலப்பலகைகளுக்கு 200 வயது தாண்டிவிட்டது.

அகர்பத்திக் குச்சியில் ராக்கெட்!

திப்பு படையின் பெருமை அதன் ராக்கெட். வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய், அதோடு கட்டிய மூங்கில் கழி. புள்ளலூரிலும் இவை பாய்ந்தன. இவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் தம்முடைய ராக்கெட்டுகளைச் செய்தார். 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. ஆயிரம்! அந்த அளவுக்குக் கையிருப்பு வைத்திருந்த படை அது.

இந்த ராக்கெட்டை 56இல் ஒரு பங்காகச் செய்ய என்ன வேண்டும், தெரியுமா? நிஜக் குழாய் 20 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் குறுக்களவு என்று எடுத்துக்கொண்டால், சுருங்கிய குழாய் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தடிப்பு. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியை ஒரு துண்டு நறுக்கினால் சரியாக இருக்கும். மூங்கில் கழிக்கு? மைசூரு அகர்பத்தியின் ஊர்! புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊதுபத்தியின் உள்ளே இருக்கும் குச்சியே மூங்கில்தான். மூங்கிலுக்கு மூங்கில், அசலுக்கு அசல்!

ஆனால் குச்சியை அப்படியே ஒட்டினால் தவறு. ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிப்புள்ள குச்சி அந்தக் கணக்கில் 7 சென்டிமீட்டர் தடிப்புள்ள கழியாகிவிடும். வீரன் கையில் ராக்கெட் இராது, பந்தல்கால்தான் இருக்கும். குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிளேடால் நரம்போடு நீளவாக்கில் பிளக்க வேண்டும். நாலாகப் பிளந்ததில் ஒரு சிம்பு போதும். எட்டடிக் கழி என்றால் 43 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள். செம்புத் துண்டைச் சிம்பின் நுனியில் படுக்கவைத்து, தையல் நூலின் ஒரே ஒரு இழையைப் பிரித்து எடுத்து மூன்று சுற்று. ஃபெவிக்விக் ஒரு துளி, அதுவும் ஊசி முனையால். பிறகு கறுப்பு பூசி, அது காய்ந்ததும் பிரஷ்ஷில் வெள்ளிச் சாயத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து ஏறக்குறைய வறண்ட பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் இரும்பின் மேடுகள் மட்டும் மின்னும். ட்ரை பிரஷ் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ராக்கெட்டைக் கையில் வைத்து ஒரு வீரன் எப்படி நின்றிருப்பான்? அதற்கும் ஆதாரம் இருக்கிறது! 1790களில் மைசூரு வந்த ஓவியர் ராபர்ட் ஹோம், திப்புவின் வீரன் ஒருவன் ராக்கெட்டையே கொடிக்கம்பமாக்கிக் கொடி கட்டி நிற்பதை வரைந்து வைத்திருக்கிறார். உங்கள் படையின் கொடிக்காரனுக்கு இதைவிட நல்ல நிலை வேறு கிடைக்காது.

உடம்புக்கு, கடையில் கிடைக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாள் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். தொப்பியைக் கூர்கத்தியால் சீவி எறிந்துவிட்டு, எம்-சீலின் இரண்டு களியையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, சேமியா தடிப்புக்கு இழையாக உருட்டி, தலையைச் சுற்றிச் சாய்வாகச் சுற்றுங்கள். ஈரமான ஊசியால் மடிப்புக் கோடு போடுங்கள். ஊசி காய்ந்திருந்தால் களி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகும் எபாக்ஸிக் களியைக் கொண்டாடுவார்கள். அது ரப்பர் மாதிரி இழுபடும், நுணுக்கமான முகத்துக்கு அதுதான் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பாகை, மூட்டை, பாறை, கோட்டைக் கல் ஆகியவற்றுக்கு எம்-சீலின் சொரசொரப்பே அழகு. பிசையும்போது கையுறை அவசியம். இறுகாத எபாக்ஸி தோலுக்கு ஆகாது.

சட்டைக்கு? திப்பு படைக்குப் புலிவரி அடையாளம். வழக்கமான காலாளின் உடுப்பு ஊதா நிறக் கம்பளித் துணியில் வெள்ளைப் புள்ளிகள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஊதா பூசிக் காய்ந்தபின், மூன்று மயிர் மட்டும் மிஞ்சிய பழைய பிரஷ்ஷால் வெள்ளையைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். மார்பில் ஆறேழு புள்ளி போதும். கூடினால் புள்ளி மறைந்து கலங்கல் மட்டும் தெரியும்.

புலி என்றதும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் திப்புவின் புலி நினைவுக்கு வராமல் போகுமா? விழுந்து கிடக்கும் ஐரோப்பியன் மேல் பாய்ந்த மரப்புலி. கைப்பிடியைச் சுழற்றினால் உறுமும், அவன் கை ஏறி இறங்கும், புலியின் வயிற்றுக்குள் ஒரு சிறு ஆர்கன் வாத்தியமே இருக்கிறது! திப்பு வீழ்ந்த 1799இல் கொள்ளையாகப் போனது. இதே காட்சி இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் கையில் 1820கள் வாக்கில் அலமாரியில் வைக்கும் களிமண் பொம்மையாகப் பிறந்தது தெரியுமா? பெயர் ‘மன்றோவின் மரணம்’. 1792இல் வங்காளத்தில் புலி அடித்து இறந்த அந்த இளைஞன், ஜெனரல் ஹெக்டர் மன்றோவின் மகன். ஹெக்டர் மன்றோ யார்? புள்ளலூரில் பெய்லி மாட்டிக்கொண்டபோது காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்தும் போய்ச் சேராதவர். கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கியவர்!

இன்னொரு முடிச்சு. 1799க்குப் பிறகு தரியா தௌலத் மாளிகையில் குடியிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. சுவர்ச் சித்திரத்தைப் பழுதுபார்க்கச் சொன்னவரும் அவர்தான். இவரே பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு. அந்த வாட்டர்லூவை வில்லியம் சிபோர்ன் என்ற ராணுவ அதிகாரி எட்டு மாதம் களத்திலேயே தங்கி அளந்து, பல ஆண்டு உழைத்து, ஏறக்குறைய 75,000 குட்டி வீரர்களோடு ஒரு மாதிரியாகச் செய்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். எழுபத்தையாயிரம்! பிரஷ்யப் படைக்கு அவர் கொடுத்த இடம் மட்டும் வெலிங்டனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. போரில் வென்றவருக்கே பொம்மைப் படையின் மேல் மனத்தாங்கல் என்றால், குட்டி உருவங்களின் வலிமையை என்னவென்று சொல்வது!

ஆட்டங்களை ஆக்கிய அரசர்

மைசூருவில் பீரங்கி ஓய்ந்த பிறகு அரியணையில் உட்கார்ந்தது ஐந்து வயதுக் குழந்தை, மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1794இல் பிறந்து 1868இல் மறைந்தார். 1831இல் ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு இந்த அரசர் என்ன செய்தார், தெரியுமா? ஆட்டங்களை உருவாக்கினார்! சதுரங்கக் குதிரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒருமுறை தொட்டு 64 கட்டத்தையும் சுற்றி வருமே, அந்தப் புதிருக்கு வழிமேல் வழி கண்டுபிடித்தார். பட்டுத் துணியில் அச்சிட்டார். சதுரங்க வரலாற்றாசிரியர் மர்ரேவின் எழுத்திலேயே மைசூரு ராஜா இடம்பெறுகிறார். கஞ்சிஃபா சீட்டுகளைப் பெருக்கி, முந்நூறு சீட்டையும் தாண்டும் கட்டுகளை வகுத்தார். அவர் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி ஒன்பது பகுதி கொண்டது. ஒன்பதாவதான கௌதுகநிதி முழுக்க விளையாட்டு. 1861இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனையின் ரங்கமஹால் சுவர்களில் ஆட்டப் பலகைகளையே சித்திரமாகத் தீட்டிவைத்தார்.

படையை நகர்த்தும் அதிகாரம் போன பிறகு ஓர் அரசர் காயை நகர்த்துவதில் இவ்வளவு ஆழமாக இறங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பரிவும் வியப்பும் ஒருங்கே வருகின்றன. மைசூரு போகிறவர்கள் ஜகன்மோகனில் ரவிவர்மா ஓவியங்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சுவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா என்ற அமைப்பு ‘க்ரீடா கௌசல்யா’ என்ற பெயரில் பாரம்பரியப் பலகை விளையாட்டுகளுக்குக் கண்காட்சி நடத்தியிருக்கிறது. நவராத்திரி காலத்தில் ‘பொம்பே மனே’ என்ற பொம்மைக் கண்காட்சியும் அவர்களுடையதுதான்.

கொலுவில் பார்க் கட்டிய கை

பொம்மை என்றதும் கேட்கிறேன்: மேஜைப் போர்க்காரர்கள் ‘டெரெய்ன்’ என்று சொல்லிப் பெரும் கலையாக வளர்த்திருக்கும் நிலம் அமைக்கும் வேலையை நம் வீடுகளில் நவராத்திரிதோறும் செய்கிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? படிக்குக் கீழே மணல் கொட்டி, நாலைந்து நாள் முன்பே கேழ்வரகும் கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, கரையை மண்ணால் மறைத்து, அட்டையில் மலை செய்து, படிக்கட்டு வைத்து உச்சியில் முருகனை உட்கார வைக்கும் பார்க்! கண்ணாடியின் விளிம்பு தெரியாமல் மறைத்தால்தான் குளம் குளமாகத் தெரியும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லித்தரும் பாடம் அது.

இன்னும் இருக்கிறது. மைசூருவின் பட்டத பொம்பே, நம் மரப்பாச்சி இரண்டுமே கல்யாணத்தில் பெண்ணோடு வரும் ராஜா ராணி மரஜோடி. அவற்றுக்கு வருஷா வருஷம் புதுப்பட்டு, பாசிமணி, ஜரிகைத் தலைப்பாகை. போன வருஷம் ராமர் சீதை, இந்த வருஷம் மீனாட்சி சொக்கர்! அச்சு அசல் கன்வர்ஷன் வேலை இது. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்த களிமண், காகிதக்கூழ் பொம்மைகளில் கை உடைந்ததைச் சுண்ணாம்பும் பசையும் வைத்து ஒட்டி, வர்ணம் தொட்டு மறுபடி படியேற்றிய பாட்டிமார்கள் எத்தனை பேர்! ஒரு விரலைக் களியில் புதிதாகப் பிடித்து ஒட்டத் தெரிந்த கை, 28 மில்லிமீட்டர் வீரனுக்குத் தலைப்பாகை சுற்றத் தயங்க வேண்டியதே இல்லை. கொலுப்படியில் கல்யாண செட், கிரிக்கெட் செட், தசரா ஊர்வல செட் எல்லாம் வந்துவிட்டன. புள்ளலூர்ப் போர் ஒரு படியில் வந்தால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

சென்னபட்டணா தெரியுமல்லவா? பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் வழியில் வரும் பொம்மை ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். அதன் மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளவென்று கண்ணாடி மினுக்கு. பிரஷ்ஷே இல்லாமல் வர்ணம்! அங்கே கிடைக்கும் சின்னச் சின்ன மரமணிகள், சக்கரங்கள், கூம்புகள் ஸ்கிராட்ச் பில்டருக்கு வரப்பிரசாதம். பாதி மணி ஒரு குவிமாடம். சக்கரம் பீரங்கி வண்டிக்கு. கூம்பு கோட்டைக் கொத்தளத்துக்கு. சாமுண்டி மலை நந்தியின் உயரம் சுமார் 16 அடி. நம் அளவில் 8.7 சென்டிமீட்டர். மலையடிக் கடைகளில் அந்த உயரத்தில் ஒரு கல் நந்தி கிடைத்தால் விடாதீர்கள், மேஜைமேல் சாமுண்டி மலைக்கு அளவெடுத்த நந்தி அதுதான்!

குப்பைக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கிறவர்களுக்கு இன்னும் சில. வார்ஹாமர் 40,000 என்ற பிரம்மாண்டமான விளையாட்டு 1987இல் வந்தது; அதன் ஆரம்பகாலத்தில் தீர்ந்துபோன டியோடரன்ட் டப்பாவிலிருந்து மிதக்கும் டாங்கி செய்வதெப்படி என்று அந்த விளையாட்டை வெளியிட்டவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்! 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்ட கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் ஜந்து பொம்மைகளை மேஜையில் வைத்து ஆடியவர். அந்த விளையாட்டின் பெயர்பெற்ற விலங்குகளில் சில அந்தப் பொம்மைகளிலிருந்து பிறந்தவை. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் குட்டிப் போர்களுக்கு விதிப்புத்தகமே எழுதினார். அவரது தரைமேல் போர்க்களத்தில் வீடுகள் அட்டையிலும் மரக்கட்டையிலும் எழுந்தன. அதற்கெல்லாம் நாலாயிரம் ஆண்டுக்கு முன்னால், எகிப்தில் மெசேத்தி என்ற அதிகாரியின் கல்லறையில் 40 ஈட்டிக்காரர்களும் 40 வில்லாளிகளும் வரிசை கட்டி நின்ற மரப்படை புதைந்திருந்தது; இன்றைக்கும் கெய்ரோவில் பார்க்கலாம்.

கோட்டைச் சுவர் கட்டப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெர்மோகோல் மலிவு, வெட்டச் சுலபம், கல் கோடு கீற அருமை. ஆனால் அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் சுவர் கண்ணெதிரே கரைந்து குழிவிழும். பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகோலில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு, அதில் கொஞ்சம் சலித்த மணல். காய்ந்தபின் எந்த வர்ணமும் தாங்கும். தரைக்கு ஃபில்டர் காபி இறக்கிய சக்கை, நன்றாக வெயிலில் காயவைத்தால் அருமையான கருமண். டீத்தூள் சக்கை உதிர்ந்த சருகு. தேங்காய் நாரைக் குட்டையாக நறுக்கி நட்டால் காய்ந்த புல். பிளாஸ்டிக் பொம்மைச் சட்டத்தில் மிஞ்சிய குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, படாமல் பிடித்து இளகியதும் இழுத்தால் தலைமுடி அளவு மெல்லிய இழை வரும். அதுதான் வில்லின் நாண், யானையின் அங்குசக் கயிறு, கூடாரத்தின் இழுகயிறு.

பெரிதாக எதையாவது செய்ய ஆசையா? மைசூரு அரண்மனையின் நடுக்கோபுரம் 145 அடி. நம் அளவில் 79 சென்டிமீட்டர்தான்! நீளம் 245 அடி, அதாவது 1.33 மீட்டர், அகலம் 156 அடி, 85 சென்டிமீட்டர். ஹென்றி இர்வின் வரைந்து 1912இல் முடிந்த அந்தக் கல் மாளிகை ஒரு கட்டில் பரப்பில் நின்றுவிடும். வளைவுகளுக்கு ஒரே ஒரு அட்டை அச்சு வெட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வரைந்து நறுக்கினால் வேலை பாதி முடிந்த மாதிரி. குவிமாடங்களுக்குச் சென்னபட்டணா மணிகள் இருக்கவே இருக்கின்றன.

ஆனால் எனக்கு ஆசை வேறொன்றின் மேல். இப்போதைய அரண்மனைக்கு முன்னால் அதே இடத்தில் மரத்தாலான அரண்மனை நின்றது. 1897இல் இளவரசி ஜெயலட்சுமம்மணியின் திருமணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் ஆண்ட காலத்து அரண்மனை அது. எஞ்சியவை சில பழைய படங்கள்தான். கைத்திறமையுள்ள மைசூரு இளைஞர்கள் யாராவது அந்தப் படங்களில் ஆள் உயரத்தை வைத்துத் தூணின் உயரத்தைக் கணக்கிட்டு, தூணை வைத்து மாடத்தை அளந்து, அதை 56இல் ஒரு பங்காகக் கட்டிக்காட்ட வேண்டும். மர அரண்மனைக்கு மரக்குச்சியே போதும்: தூணுக்கு அகர்பத்திக் குச்சி, தளத்துக்கு ஐஸ் குச்சி, கைப்பிடிச் சுவருக்குத் தீக்குச்சி.